சலூன் சுவரில் நடவு

என் வீட்டுக்காரர் படம் வரைகிறவர். பகலெல்லாம் வில்லியனூரில் ஒரு பிளெக்ஸ் கடையில் உட்கார்ந்து காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் பேனர் டிசைன் பண்ணுவார். அது சோற்றுக்கு. மிச்ச நேரத்தில் பிரஷ்ஷைப் பிடிப்பார். அது எதுக்கு என்று கல்யாணமான புதிதில் கேட்டேன். "சும்மா இருக்க முடியல" என்றார். நான் தையல்காரி. பாகூருக்குப் பக்கத்தில் எங்கள் தெருவில், வீட்டு முன்னறையில் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். மிஷினை விட்டு எழுந்தால் எனக்கும் கை துறுதுறு என்றுதான் இருக்கும். அதனால் அந்தப் பதிலே எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஒரு தடவை புதுச்சேரி டவுனில் கடற்கரைப் பக்கம் ஒரு ஹாலில் அவர் படங்களை மாட்டினார்கள். வெள்ளைச் சுவர், மேலே குட்டிக் குட்டி விளக்கு, காலடிச் சத்தம் கேட்டாலே பயமாக இருக்கும் அமைதி. ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் பத்துப் பேரை வேன் வைத்து அழைத்துப் போனோம். என் சித்தப்பா வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார். உள்ளே போய் முதல் படத்துக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இரண்டாவது படத்துக்குப் போகலாமா, யாராவது சொல்வார்களா என்று தெரியாமல் அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு, "நல்லா கீது மாப்ள, இங்க காபி எங்க கெடைக்கும்?" என்றார். அத்தனை பேரும் அவர் பின்னாலேயே காபி குடிக்கப் போய்விட்டார்கள். வேனில் திரும்பி வரும்போது என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். நான் வேறு, "வந்ததுக்கு ஆளுக்கொரு காபியாவது குடிச்சாங்க" என்று சொல்லித் தொலைத்தேன். என்ன செய்ய, என் வாய் அப்படி.

அதற்குப் பிறகு அவரும் அவரோடு கல்லூரியில் படித்த இரண்டு பேரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். இனிமேல் படம் பார்க்க ஜனங்களைக் கூப்பிடுவதில்லை. ஜனங்கள் ஏற்கெனவே கூடுகிற இடத்துக்குப் படத்தைக் கொண்டுபோவது. அந்த இருவரில் ஒருத்தி பெண். அவள் உறுவையாற்றில், என் பிறந்த ஊரிலேயே, பால் சொசைட்டியில் மாட்டினாள். மாட்டின் மூக்கு, வெறும் மூக்கு மட்டும், கதவு அகலத்துக்குக் கரியால் வரைந்தது. காலையில் கேனைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறவர்கள் ஒருவருக்கொருவர் இடித்துக்கொண்டு, "தோ, இது எங்க செவலைடா! மூக்குல அந்த மச்சம் பாரு!" என்று சண்டை போட்டார்கள். அங்கே காபியைப் பற்றி யாருக்கும் ஞாபகம் வரவில்லை. நானும் அம்மா வீட்டுக்குப் போன சாக்கில் வரிசையில் போய் நின்று பார்த்தேன். அடேயப்பா, என்ன கை அந்தப் பொண்ணுக்கு! ஈரமூக்கின் ஈரம் கையில் ஒட்டுகிற மாதிரி இருந்தது. அன்றைக்குத்தான் இவர்கள் செய்வது விளையாட்டில்லை என்று எனக்கு உறைத்தது.

என் வீட்டுக்காரர் எடுத்த இடம் சலூன்.

பாகூர் போகிற ரோட்டில், ஏரிக்கரைத் திருப்பத்தில் இருக்கிறது அந்தச் சலூன். கடைக்காரர் இவரோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவர். என்னை அண்ணி என்று கூப்பிடுவார். நீளமான ஒற்றை அறை. ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி, அதற்கு முன்னால் மூன்று சுழல் நாற்காலிகள். எதிர்ச் சுவர் காலியாக, ஓதம் அடித்து, பழைய சினிமா போஸ்டர் ஒட்டின கறையோடு கிடந்தது. அந்தச் சுவர் முழுக்க இவர் படம் எழுதப் போகிறார் என்றதும், "முடி வெட்டற எடத்துல எவன் படம் பார்ப்பான்?" என்று கேட்டேன்.

"நீ முடி வெட்டிகினு பாத்ததில்ல. நாற்காலில ஒக்காந்தா எதிர்ல கண்ணாடி. கண்ணாடில பின்னாடி சொவரு தெரியும். தலைய ஆட்டாதன்னு அவன் புடிச்சிகினு இருப்பான். டவுன்ல ஒரு படத்த ஒரு நிமிஷம் பாத்தாலே பெரிசு. இங்க அரை மணி நேரம் வேற எங்கயும் திரும்ப முடியாது. ஒலகத்துலயே இந்த மாரி எடம் கெடைக்காது" என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆச்சரியமாகவும் இருந்தது. இந்த மனுஷன் மூளை எப்படி வேலை செய்கிறது பாருங்கள். நான் எவ்வளவோ வருஷமாக ஆம்பளைகள் முடி வெட்டிக்கொண்டு வருவதைப் பார்க்கிறேன், எனக்கு இது தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை சலூன் லீவு. பிளெக்ஸ் கடையில் இவர் லீவு சொல்லிவிட்டு ஒவ்வொரு செவ்வாயும் அங்கே போய் வரைந்தார். மற்ற நாளெல்லாம் அந்தச் சுவரைப் பழைய பிளெக்ஸ் பேனர் தொங்கவிட்டு மூடிவைத்தார்கள். என்ன படம் என்று கேட்டால் "நடவு" என்பார். காட்டு என்றால், "முடிஞ்சப்புறம் பாரு" என்பார். போனில் எடுத்தாவது காட்டச் சொன்னேன். "போன்ல பாத்தா அது படம் இல்ல" என்று விட்டார். சாப்பாடு கொண்டுபோகிற சாக்கில் எட்டிப் பார்க்க எனக்கு ஆசைதான். ஆனால் கடைக்காரர் வீடு பின்னாலேயே இருக்கிறது. அவர் பெண்சாதியே சோறு போட்டுவிடுவாள். அவளும் வாசலில் வைத்துத்தான் போடுவாள், உள்ளே போக மாட்டாள்.

ஆடி போய் ஆவணியில் படம் முடிந்தது. முடிந்த மறுநாளே சலூனில் பேனர் மறைப்பை எடுத்துவிட்டார்கள். கூட்டமான கூட்டம். முடி வளராதவன்கூட ஷேவிங் என்று போய் உட்கார்ந்தான்.

அப்போதுதான் எனக்கு உதித்தது. நான் எப்படிப் பார்ப்பது?

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைகள் சலூனுக்குள் கால் வைப்பதில்லை. சின்னப் பையனுக்கு முடி வெட்ட வேண்டுமென்றால்கூட அவனை உள்ளே அனுப்பிவிட்டு வாசலில் நின்று, "காதோரம் நல்லா எடுங்க" என்று கத்துவதோடு சரி. யாரும் போகாதே என்று போர்டு எழுதி வைக்கவில்லை. ஆனால் போனவள் ஒருத்தியும் கிடையாது. அதிலும் ஏசி போட்டதிலிருந்து கண்ணாடிக் கதவு முழுக்கக் கறுப்பு ஸ்டிக்கர். வாசலில் நின்றால் நம் மூஞ்சிதான் நமக்குத் தெரியும்.

சாயங்காலம் இவர் வந்ததும் பிடித்துக்கொண்டேன். "யோவ், கட்டுன பொண்டாட்டி நான். நான் பாக்க முடியாத எடமாப் பாத்து மாட்டிட்டு வந்திருக்கியே, உனக்கே இது நல்லாருக்கா? ஊர்ல நடவு நடறது இன்னா ஆம்பளையா?"

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. கையில் வாங்கின டம்ளரை அப்படியே கீழே வைத்தார். "நான் அத யோசிக்கவே இல்ல" என்றார். ஒரு வருஷமாக எங்கே உட்கார்ந்தால் எது தெரியும், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழும் என்றெல்லாம் யோசித்தவர், ஊரில் பாதிப் பேர் அந்தக் கதவைத் தாண்ட மாட்டார்கள் என்பதை யோசிக்கவில்லை. சலூன் அவர் சின்ன வயதிலிருந்து போய்வருகிற இடம். அங்கே பெண்கள் இல்லை என்பதே அவர் கண்ணில் பட்டதில்லை. நிஜமாகவே வருத்தப்பட்டார், அதனால் அதற்கு மேல் கத்த மனசு வரவில்லை. மறுநாள் கடைக்காரரிடம் போய்க் கேட்டிருக்கிறார். "ஊர்ல பேசுவாங்க மச்சான், கொஞ்ச நாள் போகட்டும்" என்று அவர் இழுத்தாராம்.

சரி, பார்த்துவிட்டு வந்த ஆம்பளைகளையாவது கேட்போம் என்று ஆரம்பித்தேன். பெண்சாதிக்கு ஜாக்கெட் வாங்க வந்த பக்கத்து வீட்டு அண்ணனைக் கேட்டேன்.

"இன்னாண்ணா, படம் எப்டி கீது?"

"சூப்பரா கீதும்மா. என் கோடு போட்ட சட்ட அப்டியே கீது."

"சட்டையா? நடவுன்னு சொன்னாரே?"

"நடவுதான். எங்க வூட்ல என் சட்டையத்தான போட்டுகினு நடவுக்குப் போவா."

விஷயம் இதுதான். எங்கள் ஊரில் நடவுக்குப் போகும்போது வெயிலுக்காகப் புடவைக்கு மேல் வீட்டு ஆம்பளையின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொள்வோம். தலையில் துண்டு. குனிந்து நடும்போது முகம் தெரியாது. வரப்பிலிருந்து பார்க்கிறவனுக்குச் சட்டையும் முதுகும் கையும்தான் தெரியும். இவர் அதை அப்படியே எழுதியிருக்கிறார் போலிருக்கிறது. போகிற வருகிறவனெல்லாம் அவனவன் சட்டையைக் கண்டுபிடித்துவிட்டுச் சந்தோஷமாக வந்தான். ஒருத்தனுக்கு நீலக் கட்டம். ஒருத்தனுக்கு அண்ணன் கொடுத்த காக்கி. ஒருத்தன் சட்டையில் முழங்கைப் பக்கம் கிழிந்திருப்பதைக்கூட எழுதியிருக்கிறாராம், அதைப் பெருமையாக வந்து சொன்னான். 'என் பொண்டாட்டி இருக்கிறாள்' என்று ஒருத்தன் வாயிலிருந்து வந்ததா என்று கேளுங்கள். சட்டை, சட்டை, சட்டை!

ஆனால் ஒரு சட்டையைப் பற்றி மட்டும் யாரும் சொல்லவில்லை. நான் நடவுக்குப் போட்டுக்கொள்வது இவருடைய பழைய வெள்ளைச் சட்டை. மேலெல்லாம் பெயிண்ட் தெறித்துப் பல நிறத்தில் கிடக்கும். பார்த்தால் மறக்க முடியாது. அது இருக்கிறதா என்று நேரே கேட்க எனக்குக் கூச்சம். இவரிடம் கேட்கலாம். கேட்டால் சொல்லிவிடுவார். ஆனால் கேட்டு வாங்குவதில் என்ன இருக்கிறது? தெருவில் நடவுக்குப் போகிற அத்தனை பேரையும் எழுதியவர் என்னை எழுதினாரா இல்லையா, அதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. ராத்திரி பகல் அதே நினைப்பு. ஜாக்கெட்டுக்குக் கை மாற்றித் தைத்துவிட்டுப் பிரித்தேன்.

இன்னொன்றும் இருந்தது. அதை வெளியே சொல்லவில்லை. இருந்தால், எந்தக் கையால் நட்டுக்கொண்டிருக்கிறேன்?

நான் இடது கைக்காரி. கத்தரிக்கோல் பிடிப்பது, மாவு கரைப்பது, களை பிடுங்குவது எல்லாம் இடது கை. உறுவையாற்றில் யாரும் அதைப் பெரிசு பண்ணவில்லை, சோறு மட்டும் வலது கையால் சாப்பிடு என்று அம்மா அதட்டுவாள், அவ்வளவுதான். கல்யாணமாகி வந்த முதல் நடவில் தெருப் பெண்களோடு ஏரிக்குக் கீழே ஒரு பெரியவர் வயலில் இறங்கினேன். எங்கள் ஊரில் நிலபுலன் உள்ளவர், வாய் கொஞ்சம் பெரிசு. நடவு ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். வரப்பிலிருந்து சத்தம் வந்தது.

"யாரும்மா அது, பீச்சாங்கையால நாத்து வெக்கறது? புதுப் பொண்ணா? கைய மாத்து! வெள்ளாம வெளங்குமா?"

வரிசையில் இருந்த அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். எனக்குச் சேற்றுக்குள்ளேயே புதைந்துவிடலாம் போல இருந்தது. கையை மாற்றினேன். வலது கையால் வைத்த நாற்று பாதி மிதந்தது. நடவில் முன்னோக்கிப் போவதில்லை, நட்டுக்கொண்டே பின்னால் நகர வேண்டும்; வேகமாக நடுகிறவள்தான் எல்லாருக்கும் பின்னால் போயிருப்பாள். எல்லாரும் நகர்ந்து போய்விட்டார்கள், நான் மட்டும் அங்கேயே குனிந்துகொண்டு கிடந்தேன். அன்றிலிருந்து எந்த நடவிலும் நான்தான் கடைசி. என் பங்கில் மிச்சத்தைப் பக்கத்தில் இருப்பவள் நட்டுக் கொடுப்பாள். யாரும் குறை சொன்னதில்லை. எனக்குத்தான் வயிறு எரியும்.

இப்படி நான் உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருக்கும்போது சலூன்காரர் பெண்சாதி அளவு ஜாக்கெட் கொண்டுவந்தாள். பேச்சு படத்தில் போய் நின்றது.

"நீயாவது பாத்தியாடி?" என்றேன்.

"எங்கக்கா! எம் புருசன் கடை, நானே பாத்ததில்ல. ஆனா இந்தச் செவ்வாக்கெழம அவரு பாண்டிக்கு ஜாமான் வாங்கப் போறாரு. ஷட்டர் சாவி எங்கிட்டதான் கீது" என்றாள், கண்ணை ஒரு மாதிரி சிமிட்டி.

எனக்கு எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ. ஜாக்கெட் வாங்க வந்தவள் ஒவ்வொருத்தியிடமும் சொன்னேன். செவ்வாய் மத்தியானம் பார்த்தால் சலூன் வாசலில் கல்யாணத்துக்கு வந்த மாதிரிக் கூட்டம். நடவுக் கூட்டத்துக்குத் தலைவியாக இருக்கிற பெரியம்மா முதல் ஆளாக நின்றாள். அவள்தான் எங்களை எந்த வயலுக்கு எப்போது போக வேண்டும் என்று திரட்டுகிறவள். வரிசையில் யார் எங்கே நிற்க வேண்டும் என்பதும் அவள் சொல்கிறபடிதான். "இன்னாடி, மொட்ட அடிக்கவா போறோம், இப்டி நடுங்கறீங்க? தொறடி!" என்றாள். ஷட்டர் மேலே போனது.

உள்ளே பவுடர் வாசனை, ஷேவிங் கிரீம் வாசனை. எல்லாரும் ஒருத்தியை ஒருத்தி தள்ளிக்கொண்டு நுழைந்தோம். நுழைந்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பினோம்.

ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை வயல். ஏரிக்கரை மேலிருந்து பார்க்கிற மாதிரி. தண்ணீரில் மேகம் விழுந்து கிடக்கிறது, அந்த மேகத்துக்குள் கையை விட்டு நாற்று ஊன்றுகிறார்கள் எங்கள் தெருப் பெண்கள். சட்டை முதுகில் வியர்வை ஊறின இடமும் ஊறாத இடமும் தனித்தனியாகத் தெரிகிறது. சேற்றில் கால் வைத்த இடத்தில் தண்ணீர் கலங்கிச் சிவப்பாகிறது. பகலெல்லாம் பேனரில் மாப்பிள்ளை தலைக்குப் பின்னால் ரோஜாப்பூ ஒட்டுகிற மனுஷன் செய்த வேலையா இது! இவரோடு ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறேனே என்று கர்வமாகக்கூட இருந்தது.

அப்புறம் ஆரம்பித்தது பாருங்கள் கூச்சல். "ஏய், இது எம் மாமன் சட்டடி!" "உன் முதுகு இம்மாம் பெரிசாடி?" "தோ பாரு, பெரியம்மா துண்டு கட்டியிருக்கற அழக!" ஒருத்தி சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஒருத்தி அழுதேவிட்டாள், ஏனென்று கேட்டால் தெரியவில்லை என்றாள்.

நான் பெயிண்ட் தெறித்த சட்டையைத் தேடிக்கொண்டு போனேன். வரிசையின் கோடியில் இருந்தது. இருந்தேன்! நான் இருந்தேன். அந்தச் சட்டையை எழுதும்போது இவர் எத்தனை நிறத்தைக் குழைத்திருப்பார்! நெஞ்சு பொங்கிக்கொண்டு வந்தது. கையைப் பார்த்தேன்.

வலது கை.

நாற்றுக் கட்டு இடது கையில், நடுவது வலது கையில். அந்தப் பெரியவர் சொன்னபடி. ஊர் சொன்னபடி. பொங்கினதெல்லாம் அப்படியே வடிந்துபோயிற்று. இவரும் என்னை அப்படித்தான் பார்த்திருக்கிறார், திருத்தி வைத்தாற்போல.

அதற்குள் பெரியம்மா கத்தினாள். "அய்ய, இன்னாடி இது! எல்லாரும் பீச்சாங்கையால இல்ல நடறோம்!"

பார்த்தால் ஆமாம். வரிசையில் என்னைத் தவிர அத்தனை பேர் கையும் இடது. "மோட்டார் கொட்டா கெழக்கால இல்ல கீது? மேக்கால போட்டுகீறாரு!" என்றாள் இன்னொருத்தி. "படம் வரையறவருக்கு வலது எடதே தெரியல போ!" என்று எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேண்டுமென்றே செய்திருக்கிறாரா? என் கையை எடுத்து ஊருக்கெல்லாம் மாட்டிவிட்டு, எனக்கு மட்டும் ஊரின் கையை மாட்டி, இது என்ன கேலி? வீட்டுக்குப் போய் இவரைக் கிழித்து நார் நாராக்க வேண்டும் என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்த சுழல் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தேன்.

நான் உட்கார்ந்த வேகத்தில் நாற்காலி தானாகத் திரும்பிக் கண்ணாடிக்கு எதிரில் போய் நின்றது. நிமிர்ந்தேன்.

கண்ணாடியில் என் முகம். முகத்துக்குப் பின்னால் வயல். மோட்டார் கொட்டகை கிழக்கே இருந்தது. வரிசையில் எல்லாரும் வலது கையால் நட்டுக்கொண்டிருந்தார்கள். கோடியில், பெயிண்ட் சட்டை போட்டவள் ஒருத்தி மட்டும், இடது கையால்.

"அடி, இங்க வாங்கடி!" என்று நான் போட்ட சத்தத்தில் எல்லாரும் ஓடி வந்தார்கள். நாற்காலிக்குப் பின்னால் முண்டியடித்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தார்கள். இவர் படத்தைச் சுவருக்காக எழுதவில்லை. நாற்காலியில் உட்கார்கிறவன் கண்ணாடியில் பார்ப்பதற்காக, எல்லாவற்றையும் இடம் வலமாகத் திருப்பி எழுதியிருக்கிறார். அவ்வளவு பெரிய சுவரை, ஒவ்வொரு விரலையும் மாற்றி யோசித்து. ஆம்பளைகள் உட்கார்ந்து பார்த்ததால் அவர்களுக்கு எல்லாம் சரியாகத் தெரிந்திருக்கிறது. அத்தனை பேர் பார்த்தும் கோடியில் ஒருத்தி கை மாறியிருப்பது ஒருத்தன் கண்ணிலும் படவில்லை. அவனவனுக்கு அவனவன் சட்டை.

பெண்கள் கண்ணுக்குத் தப்புமா? ஒருத்தியும் சிரிக்கவில்லை இப்போது. பெரியம்மா கண்ணாடிக்குக் கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள்.

"அவ முன்னால பாருங்கடி. நம்ம நட்டதவிட ரெண்டு வரிச கூட கீது. எல்லாரையும் வுட்டுட்டு அவ பின்னால போயிட்டா" என்றாள்.

நான் முகத்தை முந்தானையில் மூடிக்கொண்டேன். ஒவ்வொருத்தியாக அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தோம். சலூன்காரர் பெண்சாதி மட்டும் இறங்க மாட்டேன் என்று நாற்காலியில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

சாயங்காலம் இவர் வீட்டுக்கு வருவதற்குள் விஷயம் வில்லியனூர் வரை போய்விட்டது. பயந்துகொண்டேதான் உள்ளே வந்தார்.

"பாத்துட்டியாமே" என்றார்.

"நான் எடது கையால நட்டத நீ எப்பப் பாத்த? கல்யாணமாகி வந்ததுலேருந்து நான் வலது கையாலதான நடறேன்?"

"மொத நடவு அன்னைக்கு நான் ஏரிக்கரை மேல ஒக்காந்து வரைஞ்சிகினு இருந்தேன். உனக்குத் தெரியாது. அவரு கத்தறதுக்கு முன்னாடி பாத்தேன். அந்தக் கூட்டத்துலயே நீதான் வேகம்" என்றார்.

அந்த வயலில் நான் நன்றாக நட்ட கொஞ்ச நேரம் ஒன்று இருந்தது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. திட்டு வாங்கினது மட்டும்தான் மனசில் நின்றது. இவர் திட்டுக்கு முந்தினதை எடுத்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறார், இத்தனை காலமாக. உள்ளே போய் அழுதுவிட்டு, தோசை வார்த்தேன்.

ஊரில் இரண்டு நாள் முணுமுணுப்பு இருந்தது. சலூனுக்குள் பொம்பளைகள் கூட்டமாகப் போனார்களாமே என்றார்கள். சலூன்காரர் முதலில் பெண்சாதியிடம் எகிறினார். அவள், "செவ்வாக்கெழம கடை லீவு, அப்ப அது கடை இல்ல, எங்க வூட்டு ரூமு" என்று ஒரே போடாகப் போட்டாள். அப்புறம் அவரே செவ்வாய்க்கிழமைகளில் மத்தியானம் ஷட்டரைத் தூக்கி வைத்தார். அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் பெண்கள் வந்தார்கள். சோரியாங்குப்பத்திலிருந்து ஒரு கூட்டம் ஷேர் ஆட்டோவில் வந்தது. வந்தவர்களை முதலில் சுவரைப் பார்க்கவிட்டு, சிரிக்கவிட்டு, அப்புறம் நாற்காலியில் உட்காரவைத்துத் திருப்புவாள் சலூன்காரர் பெண்சாதி. அவளுக்கு அதில் ஒரு குஷி. என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "நான் நெனச்சதவிட அவ நல்லாக் காட்டறா" என்றார்.

மழை பிடித்து ஏரி நிறைந்ததும் சம்பா நடவு வந்தது. முதலில் அந்தப் பெரியவர் வயல்தான், ஏரிக்குக் கீழே. விடிந்ததும் போனோம். பெயிண்ட் சட்டையை மாட்டிக்கொண்டு வழக்கமான இடத்தில், நடுவில், பக்கத்திலிருப்பவள் எனக்குக் கை கொடுக்கத் தோதாக நின்றேன். வரப்பில் அவர் நின்றுகொண்டிருந்தார், தலை புதுசாக முடி வெட்டி, கழுத்தோரம் பவுடர் வெளுப்போடு.

பெரியம்மா என்னைப் பார்த்தாள். "நீ இன்னா இங்க நிக்கற? நடுவுல நின்னா உன் முழங்கை பக்கத்துல இருக்கறவள இடிக்கும். அந்தக் கோடிக்குப் போ. படத்துல எங்க நிக்கறியோ அங்கியே நில்லு."

எல்லாரும் நிமிர்ந்தார்கள். நான் கோடிக்குப் போனேன். கால் சேற்றில் இறங்கியது. நாற்றுக் கட்டை வலது கைக்கு மாற்றினேன். குனிந்து முதல் நாற்றை இடது கையால் ஊன்றினேன்.

வரப்பிலிருந்து ஒரு செருமல் கேட்டது. நான் நிமிரவில்லை. யாரும் நிமிரவில்லை.

"யம்மா, அந்தக் கோடி கொஞ்சம் மேடு. தண்ணி கம்மியா கீது. ஆழமா ஊனு" என்றார் பெரியவர்.

"சரிங்க" என்றேன். ஆழமாக ஊன்றினேன். கை அதன் போக்கில் போனது. கொஞ்ச நேரம் கழித்துத் தலையைத் தூக்கிப் பார்த்தால், மற்றவர்கள் எல்லாரும் எனக்கு முன்னால் குனிந்துகொண்டிருந்தார்கள்.